மாணவரின் கோப்பு மாணவர் பெயரிலேயே இருக்கட்டும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் சாய்ந்த தென்னைகளைப் பற்றி எல்லோரும் பேசினோம், எழுதினோம். கூரை பறந்த குடிசைகளில் நனைந்துபோன காகிதங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. குடிசையில் பீரோ கிடையாது. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் ஒரு துணிப் பையிலோ தகரப் பெட்டியிலோதான் இருக்கும். நம் சேரித் தெருக்கள் பலவும் ஊரின் தாழ்ந்த பக்கத்தில் அமைந்தவை. காற்று ஓய்ந்த பிறகும் தண்ணீர் அங்கேதான் நிற்கும்.

நனைந்த மதிப்பெண் பட்டியலுக்கு நகல் வாங்க வழி இருக்கிறது. அலைச்சல் உண்டு, சில நாள் கூலி போகும், ஆனாலும் கிடைத்துவிடும். நம்மை உறுத்துவது வேறொன்று. இரண்டு ஆண்டுகள் ஒரு பட்டறையில் இருந்து பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டக் கற்றுக்கொண்ட இளைஞர் இருக்கிறார். தையல் கடையில் உட்கார்ந்து அளவெடுக்கவும் வெட்டவும் பழகிய பெண் இருக்கிறார். அறுவடை இயந்திரத்தோடு ஆந்திரம் வரை போய்வந்து, அதன் ஒவ்வொரு பெல்ட்டையும் பேரிங்கையும் தெரிந்து வைத்திருப்பவர் இருக்கிறார். இவர்கள் கற்றதற்கு, நனைந்துபோவதற்குக்கூட ஒரு தாள் இல்லை.

டெல்டாவில் தலித் மக்களின் நிலைமை நெடுங்காலமாக இதுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நம் மக்களின் கதை தலைகீழ். கறி சமைத்துப் பரிமாறியாகிவிட்டது. ஏட்டில்தான் ஒன்றும் இல்லை. நாற்றங்கால் தயாரிப்பது, வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுப் பாய்ச்சுவது, விதை நெல்லைப் பார்த்தே தரம் சொல்வது ஆகிய எல்லாமே பண்ணையாள்களின் கையறிவாக இருந்தன. அந்த அறிவு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. பண்ணையாளின் பெயர் ஏறிய ஒரே கணக்கு மிராசுதாரரின் கடன் கணக்கு. அதை எழுதியவர் கணக்குப்பிள்ளை. அதைப் படித்துப் பார்க்க பண்ணையாளுக்கு எழுத்தும் தெரியாது, உரிமையும் கிடையாது.

இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துக்கொண்டுதான், சமுதாயக் கல்லூரிகளில் மின்னணு மாணவர் கோப்பு கொண்டுவர வேண்டும் என்று நாம் கேட்கிறோம். ஆங்கிலத்தில் ஈ-போர்ட்ஃபோலியோ என்று சொல்லப்படும் இந்த ஏற்பாடு புதிய கணினி விளையாட்டு அல்ல. ஒரு மாணவர் தான் கற்றதையும் செய்ததையும் படமாக, ஒலிப்பதிவாக, எழுத்தாகச் சேர்த்து வைத்து, அதில் எங்கே தவறினோம், எப்படித் திருத்திக்கொண்டோம் என்று தானே குறிப்பு எழுதி, ஆசிரியரின் கருத்தையும் பெற்று, வேண்டியவருக்கு வேண்டியதை மட்டும் காட்டும் கோப்பு அது. சுருக்கமாக மின்கோப்பு என்றே சொல்வோம்.

சமுதாயக் கல்லூரி ஏன்?

இந்தியாவில் சமுதாயக் கல்லூரி என்ற எண்ணம் வேர்விட்டதே நம் பக்கத்தில்தான். 1995ல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996ல் சென்னை மயிலை உயர் மறைமாவட்டமும் முதல் கல்லூரிகளைத் தொடங்கின. பள்ளியை இடையில் விட்டவர்கள், ஏழைகள், பெண்கள், தலித் இளைஞர்கள் ஆகியோருக்கு ஓராண்டில் ஒரு தொழிலும், அதனோடு பேச்சுத் திறனும் வாழ்க்கைத் திறனும் கற்பித்து வேலைக்கு அனுப்புவதே நோக்கம். பின்னர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இத்தகைய கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்தது. 2013ல் பல்கலைக்கழக மானியக் குழு தனியாக ஒரு சமுதாயக் கல்லூரித் திட்டத்தைக் கொண்டுவந்தது.

இந்த வரலாற்றில் கசப்பான ஓர் அத்தியாயமும் உண்டு. இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009ல் நாடெங்கும் சமுதாயக் கல்லூரித் திட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அது நிறுத்தப்பட்டது. நடுவில் அகப்பட்டுக்கொண்டவர்கள் மாணவர்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கும் வரைதான் அது தரும் சான்றிதழுக்கு மதிப்பு. அங்கீகாரம் போனால் மாணவர் கற்றதும் செல்லாக்காசு போல ஆகிவிடுகிறது. அவர் என்ன கற்றார், என்ன செய்து காட்டினார் என்பதற்கு அவர் கையில் வேறு ஆதாரம் இல்லை.

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். பக்கத்துத் திருவாரூர் மாவட்டத்தில் அது ஏறக்குறைய மூன்றில் ஒருவர். நிலம் இல்லாத உழைப்பாளிகள் அதிகம் வாழும் பகுதி இது. அறுவடை இயந்திரமும் நடவு இயந்திரமும் வந்தபின் வயல் வேலை நாள்கள் குறைந்துவிட்டன. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகிறார்கள். மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்குக் காத்திருக்க முடியாத வீடுகளுக்கு, ஓராண்டில் ஒரு தொழில் கற்றுத்தரும் கல்லூரிதான் கைக்கு எட்டும் கல்லூரி. ஆகவே அங்கே நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் தலித் மக்களை நேரடியாகத் தொடுகிறது.

சான்றிதழ் சொல்லாதது

ஒரு மாணவியை எண்ணிப் பார்ப்போம். பூதலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து, நெல் பதப்படுத்தும் தொழிலில் ஓராண்டுப் பட்டயம் படிக்கிறார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்து காய்ச்சல் போதுமா என்று சொல்ல அவர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் ஈரப்பதமானி தருகிறார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்பதும், மழைக்காலத்தில் அந்த ஓர் எண்ணுக்காக விவசாயிகள் நாள்கணக்கில் காத்துக் கிடப்பதும் டெல்டாவில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

முதல் நாள் அவர் ஒரே மூட்டையின் மேற்பகுதியிலிருந்து நெல்லை எடுத்துச் சோதிக்கிறார். கணக்கு தவறுகிறது. பல மூட்டைகளில், மேலும் அடியும் குத்தி எடுத்துக் கலந்தால்தான் சரியான அளவு வரும் என்று கற்றுக்கொள்கிறார். வீட்டுக்குப் போய் அம்மா கடித்துச் சொல்வதையும் கருவி காட்டுவதையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். பிறகு அரிசி ஆலையில் களப்பயிற்சி. ஊறவைத்தல், அவித்தல், உலர்த்தல் ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் குறிப்பு எடுக்கிறார்.

ஆண்டு முடிவில் அவர் கையில் கிடைக்கும் சான்றிதழில் பாடத்தின் பெயரும் முதல் வகுப்பு என்ற சொல்லும் இருக்கும். மேலே சொன்ன எதுவும் அதில் இருக்காது. வேலை கொடுப்பவர் இரண்டு சான்றிதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாரைத் தெரியுமோ அவரை எடுப்பார். டெல்டாவில் ‘தெரியும்’ என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் சாதிக்காரர், உறவுக்காரர், தெருக்காரர் என்று பொருள். சிபாரிசு செய்ய ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, தன் வேலையே சிபாரிசாக நிற்க வேண்டும். அந்த வேலையைக் காட்டுவதற்கு ஒரு வழி வேண்டும். மின்கோப்பு அந்த வழி.

ஏற்கனவே டிஜிலாக்கர் இருக்கிறதே என்று கேட்கலாம். 2015 ஜூலையில் தொடங்கப்பட்ட டிஜிலாக்கர் பயனுள்ளதுதான். அதில் அரசு நிறுவனங்கள் வழங்கும் மின் ஆவணங்கள் அசலுக்கு நிகரானவை. புயலில் நனையாது. 2021ல் வந்த கல்விக் கடன்மதிப்பு வங்கி, மாணவர் பெற்ற மதிப்பலகுகளைச் சேர்த்து வைக்கிறது. இவை இரண்டும் நிறுவனம் மாணவருக்குக் கொடுத்ததைக் காப்பவை. மாணவர் தானே செய்ததையும், அதைப் பற்றித் தானே சொல்வதையும் இவை காப்பதில்லை. டிஜிலாக்கரில் இருப்பது பிறர் நம்மைப் பற்றி எழுதிய தாள். மின்கோப்பில் இருப்பது நாமே எழுதியது. ஒன்றுக்கு மற்றொன்று மாற்று ஆகாது, இரண்டும் வேண்டும்.

நியூயார்க்கில் ஒரு கல்லூரி

மின்கோப்பில் உலகம் அறிந்த கல்லூரி ஒன்று, பணக்காரப் பல்கலைக்கழகம் அல்ல. ஒரு சமுதாயக் கல்லூரி. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் 1971ல் தொடங்கப்பட்ட லகார்டியா சமுதாயக் கல்லூரி அது. பல நாடுகளிலிருந்து குடியேறிய, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஏழை மாணவர்கள் நிறைந்த கல்லூரி. 2000க்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளிலேயே அங்கு மின்கோப்பைத் தொடங்கிவிட்டார்கள். மின்கோப்பு சேர்ந்த வகுப்புகளில் மாணவர்கள் படிப்பைத் தொடர்வதும் தேர்ச்சியும் கூடியதாக அக்கல்லூரியினர் ஆய்வுகள் வெளியிட்டிருக்கிறார்கள். 2016ல் அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் சங்கம் ஒன்று, மாணவர் கற்றலில் பெரும் பயன் தரும் முறைகளின் பட்டியலில் மின்கோப்பையும் சேர்த்தது.

அவர்கள் சொல்லும் பாடத்தில் நமக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று, மென்பொருளை வாங்கி வைத்ததால் அங்கே எதுவும் நடக்கவில்லை. ‘நான் எங்கிருந்து வந்தேன், இங்கே என்ன கற்றேன், அடுத்து எங்கே போகிறேன்’ என்று மாணவரைச் சிந்திக்க வைத்த ஆசிரியர்களால் நடந்தது. இரண்டு, மூத்த மாணவர்களையே பயிற்சி கொடுத்து, புதிய மாணவர்களுக்கு உதவியாளர்களாக அமர்த்தினார்கள். தன் போன்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் கூச்சம் போய்விடுகிறது. குடும்பத்தில் முதல் முறையாகக் கல்லூரி வாசலை மிதிப்பவருக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கோப்பு யாருடையது?

இனி நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயம். மின்கோப்பு நல்லது என்பதால் அதை எப்படியும் கொண்டுவந்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. தவறாக அமைத்தால், அது பழைய கணக்குப்பிள்ளையின் பேரேடாகவே மாறிவிடும். இந்த முறை அது கணினியில் இருக்கும், அவ்வளவுதான்.

டெல்டா மக்களுக்கு 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் நினைவிருக்கும். அதுவரை விவசாயத் தொழிலாளி வாழ்ந்த குடிசை மிராசுதாரர் மனையில் இருந்தது. கூலி கூடுதலாகக் கேட்டால், சங்கக் கொடி ஏற்றினால், ‘மனையைக் காலி செய்’ என்ற ஒரு சொல் போதும். அந்தக் குடியிருப்பு மனை குடியிருந்தவருக்கே சொந்தம் என்று தமிழக அரசு சட்டம் செய்தது. குடிசை அதே குடிசைதான். மனை தன் பெயருக்கு வந்தபின், அதில் வாழ்ந்தவரின் குரல் மாறியது. வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டு மூன்று ஆண்டுகள்கூட முடியாத காலம் அது என்பதையும் சேர்த்து நினைத்தால், தன் பெயரில் ஒரு தாள் இருப்பதன் அருமை விளங்கும்.

மின்கோப்புக்கும் இதே கேள்விதான்: பட்டா யார் பெயரில்? கல்லூரியின் கணினியில், கல்லூரியின் கடவுச்சொல்லோடு, கல்லூரி நினைத்தால் பூட்டிவிடக்கூடிய கோப்பு மாணவருக்குச் சொந்தமானது அல்ல. கட்டண பாக்கி என்று சொல்லி அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் பிள்ளைகளை எவ்வளவு அலைக்கழித்திருக்கிறது! ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்க 2012ல் அரசாணை 92 வந்தது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் அறிவித்தது. அப்படியும் உதவித்தொகை வரத் தாமதமானால், அந்தத் தாமதத்தின் விலையை மாணவரே கொடுக்கும் நிலை முழுதாக ஒழியவில்லை. தாளைப் பிடித்து வைக்கும் கை, கோப்பையும் பூட்டி வைக்கும்.

ஆகவே நாம் வைக்கும் முதல் நிபந்தனை: கோப்பு மாணவர் பெயரில் இருக்க வேண்டும். படிப்பு முடிந்தாலும், இடையில் நின்றாலும், கட்டண பாக்கி இருந்தாலும் அது திறக்க வேண்டும். முழுக் கோப்பையும் எந்த நேரத்திலும் பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளவும், வேண்டிய பக்கங்களை அச்சிட்டுக்கொள்ளவும் வழி வேண்டும். தனியார் நிறுவனத்தின் மென்பொருளை வாங்கினால், ஒப்பந்தம் முடிந்த அன்று நம் பிள்ளைகளின் ஓராண்டு உழைப்பு காணாமல் போகாது என்று எழுத்தில் உறுதி வாங்க வேண்டும்.

சாதி தெரிய வேண்டியதும் வேண்டாததும்

இரண்டாவது நிபந்தனை சாதி பற்றியது. இரட்டைமலை சீனிவாசன் 1939ல் வெளியிட்ட தன் வாழ்க்கைச் சுருக்கத்தில், கோயம்புத்தூரில் படித்த நாள்களைச் சொல்கிறார். உடன் படிப்பவர்கள் சாதியையும் இருப்பிடத்தையும் கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சி, மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே எங்காவது இருந்துவிட்டு, பிறகே வகுப்புக்குள் போவாராம். நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ‘உன் தெரு எது?’ என்ற கேள்விக்கு இன்றும் நம் பிள்ளைகள் ஒரு கணம் தயங்கித்தான் பதில் சொல்கிறார்கள்.

‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவித்ததற்குக் காரணம் இதுதான். முகவரியே சாதியைக் காட்டிக் கொடுக்கிறது. நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும், வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி இடம்பெறக் கூடாது என்று 2024ல் பரிந்துரைத்தது. பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டதை மின்கோப்பின் முதல் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் என்ன பயன்?

சாதிச் சான்றிதழ் நம் உரிமைக்கான ஆவணம். உதவித்தொகைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் அது வேண்டும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் அது அறிமுக அட்டை அல்ல. எனவே உதவித்தொகைக்கான ஆவணங்கள் தனியாக, அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும் இருக்கட்டும். வேலை கொடுப்பவருக்கு அனுப்பும் பக்கத்தில் பெயர், திறன், செய்த வேலை, தொடர்பு வழி ஆகியவை போதும். தந்தை பெயர், தெரு, உதவித்தொகை விவரம், தங்கியிருக்கும் விடுதியின் பெயர் எதுவும் தானாக அதில் ஏறக் கூடாது. ‘ஆதிதிராவிடர் நல விடுதி’ என்று ஒரு வரி இருந்தாலே போதும், படிப்பவர் மீதியைப் படிக்க மாட்டார். தன் வேரையும் தெருவையும் பற்றிப் பெருமையோடு எழுத விரும்பும் மாணவர் எழுதட்டும். அந்த முடிவை எடுப்பவர் அவராக இருக்க வேண்டும். 2023ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் தரவைத் திருத்தவும் நீக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமையைச் சேர்க்கை நாளிலேயே தமிழில் மாணவருக்குப் படித்துச் சொல்ல வேண்டும்.

கையில் போன் இல்லாதவருக்கு?

மூன்றாவது, நடைமுறை. திட்டம் தீட்டுகிறவர்கள் எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் இருப்பதாக நினைக்கிறார்கள். நம் தெருக்களில் பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான் இருக்கும். அது அப்பாவிடமோ அண்ணனிடமோ இருக்கும். ஒருமுறைக் கடவுச்சொல் அண்ணன் போனுக்குப் போனால், தங்கையின் கோப்பு அண்ணனின் அனுமதியோடுதான் திறக்கும். ரீசார்ஜ் செய்யாமல் எண் போய்விட்டால் கோப்பும் போய்விடும். ஆகவே போன் எண்ணை மட்டும் நம்பாத வழி வேண்டும். கல்லூரியிலேயே ஒரு மேசை, நேரில் வந்தால் கடவுச்சொல்லை மீட்டுத் தரும் ஒருவர் என்று எளிதாகவே இதை ஏற்பாடு செய்யலாம். ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் கிளை நூலகங்களிலும் மாலை நேரத்தில் இரண்டு கணினிகள் இதற்கென்று இருந்தால், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மொழியும் அப்படித்தான். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று வைத்தால், யாரோ எழுதிக் கொடுத்ததை நகல் எடுத்து ஒட்டுவார்கள். மோட்டாரைக் கழற்றிக்கொண்டே, ‘இந்த இடத்தில் காயில் கருகியிருக்கு, அதனால்தான் லோடு எடுக்கலை’ என்று தன் பேச்சில் சொல்லும் இரண்டு நிமிடப் பதிவு, இரவல் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு பக்கங்களைவிட அவரது திறமையைத் தெளிவாகக் காட்டும். அடியில் ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம் சேர்க்கக் கற்றுக்கொடுக்கலாம். அதுவே ஒரு நல்ல ஆங்கிலப் பாடமாகவும் அமையும்.

நான்காவது, ஆசிரியர். சமுதாயக் கல்லூரிகளில் பாடம் எடுப்பவர்கள் பலரும் குறைந்த தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். அவர்கள் தலையில் இன்னொரு பதிவேட்டை ஏற்றினால், ஆண்டுக் கடைசியில் ஒரே நாளில் எல்லாக் கோப்புகளிலும் ‘நன்று’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எனவே பதிவுகளைக் குறைவாக வைப்போம். ஓராண்டுக்குப் பத்து போதும். பாட அட்டவணையில் இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்குவோம். அந்த நேரத்துக்கும் ஊதியம் கொடுப்போம். முன்னாள் மாணவர்களை உதவியாளர்களாக எடுத்து அவர்களுக்கும் மதிப்பூதியம் தருவோம்.

வாங்கிப் பார்க்க ஆள் வேண்டும்

இத்தனையும் செய்த பிறகு, கோப்பைத் திறந்து பார்க்க யாரும் இல்லை என்றால் அது ஏட்டுச் சுரைக்காயாகத்தான் முடியும். இந்த ஐயம் நியாயமானது. அரிசி ஆலை முதலாளியோ பட்டறைக்காரரோ கணினியில் உட்கார்ந்து பத்துப் பதிவுகளைப் பார்க்கப் போவதில்லை. அதனால் அவரைக் கோப்பு உருவாகும்போதே உள்ளே இழுக்க வேண்டும். களப்பயிற்சி கொடுத்தவர் மாணவரைப் பற்றி இரண்டு வரி சொல்லட்டும். ஒலிப்பதிவாக இருந்தாலும் போதும். ஒரு முதலாளியின் சொல்லை இன்னொரு முதலாளி கேட்பார்.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. தலித் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சியும் தொழில் கடனும் தருவதற்குத் தாட்கோ இருக்கிறது. கடன் விண்ணப்பத்தில் அனுபவச் சான்று கேட்கும் இடத்தில், மின்கோப்பையும் ஏற்றுக்கொள்ளலாம். 2022ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் பட்டப்படிப்பு, பொறியியல் மாணவர்களுக்குச் செய்வதை, ஓராண்டுப் பட்டயம் படிக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் நீட்டிக்கலாம். தஞ்சையிலேயே தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நெல் தொடர்பான தொழில்களில் எந்தத் திறனை எப்படிப் பார்த்து மதிப்பிடுவது என்று கல்லூரிகளுக்குச் சொல்லித்தர இவர்களைவிடத் தகுந்தவர்கள் யார்?

வகுப்பறைக்கு வராமலே தொழில் கற்றவர்களையும் மறந்துவிடக் கூடாது. முன்கற்றலை அங்கீகரிப்பது என்ற ஏற்பாடு மத்திய அரசின் திறன் திட்டங்களில் இருக்கிறது. பட்டறையில் கற்ற இளைஞரும், முப்பது ஆண்டு நாற்றங்கால் பார்த்த அம்மாவும் சமுதாயக் கல்லூரிக்கு வந்து, தாங்கள் செய்வதைச் செய்து காட்டி, தங்கள் பெயரில் ஒரு கோப்பைத் தொடங்க முடிய வேண்டும். மாணவி தன் கோப்பில் ஈரப்பதமானியின் அளவைப் பதிகிற அன்று, அதன் பக்கத்தில் கடித்துப் பார்த்துச் சொன்ன அம்மாவின் குரலும் பதிவாகட்டும். பண்ணையில் யாரும் எழுதி வைக்காத அறிவுக்கு அது முதல் வரவு.

பெரிய அறிவிப்பு எதையும் நாம் கேட்கவில்லை. வரும் கல்வியாண்டில் இம்மாவட்டத்தில் ஒரு கல்லூரி, ஒரு தொழில், முப்பது மாணவர்கள் என்று தொடங்கினால் போதும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் மாவட்ட நிர்வாகமும் தாட்கோவும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசினால் அது நடக்கும். ஆண்டு முடிவில் அந்த முப்பது பேரையே அழைத்து, ‘இது உங்களுக்கு உதவியதா? கோப்பு உங்கள் கையில் இருக்கிறதா?’ என்று கேட்போம். அவர்கள் ஆம் என்று சொன்னால் அடுத்த கல்லூரிக்குப் போவோம். இல்லை என்று சொன்னால், ஏன் என்று கேட்டுத் திருத்துவோம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்போது கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா என்று கேட்கிறோம். இனி இதையும் கேட்போம்: ‘என் பிள்ளை இங்கே செய்யும் வேலை எங்கே பதிவாகும்? அது அவள் பெயரில் இருக்குமா? அவள் கேட்டால் கொடுத்துவிடுவீர்களா?’ மனைப் பட்டாவைக் கேட்டு வாங்கிய மக்கள் நாம். இதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.